நாய்களோடும் நண்பர்களோடும் பாஹா கடற்கரையில் ஆர்.வி. முகாம்: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்குக் கீழே, மெக்சிகோவின் வடமேற்கில், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குத் தெற்கு நோக்கி நீண்டு கிடக்கிறது பாஹா கலிபோர்னியா தீபகற்பம். மேற்கே பசிபிக் பெருங்கடல், கிழக்கே கோர்த்தேஸ் கடல் என்று அழைக்கப்படும் கலிபோர்னியா வளைகுடா, நடுவே மலையும் கள்ளிக்காடும். படுக்கை, அடுப்பு, கழிப்பறை ஆகியவற்றைத் தன்னுள்ளே கொண்ட ஆர்.வி. வண்டியை ஓட்டிச் சென்று, அலைக்கு முப்பது அடி தள்ளி நிறுத்தி, வாரக்கணக்கில் தங்குவதற்கு இன்னும் இடம் தரும் கரைகள் வட அமெரிக்காவில் மிகக் குறைவு. அவற்றுள் பல இந்தத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இருக்கின்றன. நாய்களை உடன் அழைத்துச் செல்வோருக்கு இந்தக் கரைகள் மேலும் உகந்தவை, ஏனென்றால் அமெரிக்க மாநிலப் பூங்காக்களின் பல கடற்கரைகளில் நாய்களுக்கு இருக்கும் தடை இங்கே இல்லை.

ஆனால் இந்தக் கரைகளில் மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, கழிவு இறக்கும் வசதியும் கிடையாது. ஆகையால் பயணம் நன்றாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் கரையை அடைவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. குழுவில் மிக மெதுவாகச் செல்லும் வண்டியையும், வாய் திறந்து சொல்ல முடியாத நாயையும் மையமாக வைத்துத் திட்டமிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பின்வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கருத்தை ஒட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

எந்தக் கரை, எந்த மாதம்

முதன்முறை செல்வோருக்கு நான் தயக்கமின்றிச் சொல்லும் இடம் முலெஹே என்ற சிற்றூருக்குத் தெற்கே உள்ள பாஹியா கொன்செப்சியோன். சுமார் நாற்பது கிலோமீட்டர் நீளமுள்ள இந்த விரிகுடா மூன்று பக்கமும் நிலத்தால் சூழப்பட்டிருப்பதால் அலை மிகக் குறைவு. நீந்தப் பழகும் நாய்க்கும் குழந்தைக்கும் இதைவிடப் பாதுகாப்பான கடல் கிடைப்பது கடினம். நெடுஞ்சாலை விரிகுடாவின் மேற்குக் கரையை ஒட்டியே செல்வதால், சாந்திஸ்பாக், லோஸ் கோகோஸ், எல் பூரோ, எல் கொயோட்டே, எல் ரெகேசோன் என்ற கரைகளைச் சாலையிலிருந்தே பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். ஓலை வேய்ந்த நிழற்குடில்கள், குழிக் கழிப்பறைகள், நாள் கட்டணம் வசூலிக்க வரும் ஓர் உள்ளூர்க்காரர் என்பவையே வசதிகள். இவற்றுள் சாந்திஸ்பாக் பரந்தது, தரை ஓரளவு இறுகியது. பெரிய வண்டிகள் உள்ள குழு முதலில் அங்கே இறங்குவது நல்லது. எல் ரெகேசோனில் ஒரு மணல்திட்டு கரையையும் சிறு தீவையும் இணைக்கிறது. வற்றுக் கடலில் நாயோடு தீவுக்கு நடந்தே போகலாம், ஆனால் பௌர்ணமி, அமாவாசை நாட்களின் ஏற்றத்தில் நீர் திட்டின் மீது ஏறும்.

வடக்கே மெக்சிகாலியிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரத்தில் அடையக்கூடிய சான் பெலிப்பேயும் புதியவர்களுக்கு எளிதுதான். ஆனால் வளைகுடாவின் வடமுனையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலான உயர வேறுபாடு ஆறு மீட்டருக்கும் மேல் போகக்கூடும். காலையில் வெகு தொலைவில் இருந்த நீர் மாலையில் வண்டியின் சக்கரத்தடியில் நிற்கும். தெற்கே லா பாஸ் நகருக்கு அப்பால் உள்ள தெகோலோத்தே அழகானது, காற்று மிகுந்தது. அதன் அருகிலுள்ள புகழ்பெற்ற பாலந்த்ரா பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் அங்கே இரவு தங்க முடியாது.

மாதத்தைப் பொறுத்தவரை, நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்குப் பசிபிக்கின் புயல் பருவம் மே நடுவிலிருந்து நவம்பர் இறுதி வரை நீள்கிறது; ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வெப்பம் நாற்பது பாகையைத் தொடும், அடர்ந்த உரோமமுள்ள நாய்க்கு அது உயிராபத்து. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடக்கிலிருந்து 'நோர்த்தே' எனப்படும் வலுவான காற்று இரண்டு, மூன்று நாட்கள் தொடர்ந்து அடிப்பதுண்டு. அதைத் தவிர்க்க விரும்புவோர் நவம்பரையோ மார்ச்சையோ தேர்ந்துகொள்ளட்டும்.

தாள்களும் அனுமதிகளும்

எல்லையைக் கடப்பதில் பலர் செய்யாமல் விடுவது குடிவரவு அலுவலகத்தில் நிற்பதைத்தான். தரைவழி எல்லையில் உங்களை யாரும் கட்டாயப்படுத்தி நிறுத்த மாட்டார்கள். நீங்களாகவே வண்டியை ஓரம் கட்டி, உள்ளே சென்று, எஃப்.எம்.எம். எனப்படும் சுற்றுலா அனுமதிச் சீட்டைப் பெற்று, கட்டணம் செலுத்தி, முத்திரை இடச் செய்ய வேண்டும். குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும், குழந்தைகளுக்கும், தனித்தனிச் சீட்டு தேவை. அனுமதிக்கும் நாட்கள் அதிகபட்சம் 180. அதிகாரி எழுதிய எண்ணை அங்கேயே சரிபாருங்கள்.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களில் பலர் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். நடப்பிலுள்ள அமெரிக்க விசா கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டிருந்தால், அல்லது கிரீன் கார்டு இருந்தால், மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. வேலை அனுமதி நீட்டிப்புத் தாள் மட்டும் இருந்து கடவுச்சீட்டில் உள்ள விசா காலாவதியாகியிருந்தால், மெக்சிகோ தூதரகத்தில் முன்பே விசா பெற்றாக வேண்டும். நண்பர் குழுவில் ஒருவருக்கு இந்தச் சிக்கல் இருந்தாலும் எல்லையில் அனைவரும் நிற்க நேரும் என்பதால், புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே எல்லோருடைய தாள்களையும் ஒருவரே வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்க, கனடிய வாகனக் காப்பீடு மெக்சிகோவில் சட்டப்படியான பொறுப்புக் காப்பீடாக ஏற்கப்படாது. மெக்சிகோ நிறுவனத்தின் காப்பீட்டை இணையத்திலேயே நாள் கணக்கில் வாங்கலாம். இழுத்துச் செல்லும் டிரெய்லர், பின்னால் கட்டி இழுக்கும் சிறுகார் ஆகியவற்றையும் அதே காப்பீட்டில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்க வேண்டும்; சேர்க்காமல் விட்டால், விபத்தின்போது முழுக் காப்பீடும் மறுக்கப்படக்கூடும். வண்டி வாடகைக்கு எடுத்ததாக இருந்தால், மெக்சிகோவுக்குள் ஓட்டுவதற்கு வாடகை நிறுவனம் எழுத்துமூலம் அனுமதி தந்திருக்க வேண்டும். பல நிறுவனங்கள் தருவதில்லை.

தீபகற்பத்துக்குள் மட்டும் பயணம் செய்வோருக்குத் தற்காலிக வாகன இறக்குமதி அனுமதி தேவையில்லை. லா பாஸிலிருந்தோ சாந்தா ரொசாலியாவிலிருந்தோ கப்பலேறிப் பெருநிலத்துக்குப் போவதானால் தேவை. துப்பாக்கியோ ஒரேயொரு தோட்டாவோகூட வண்டியில் இருக்கக் கூடாது. மெக்சிகோவில் அது சிறைக்குரிய குற்றம். பழைய வண்டியைக் கடன் வாங்கியிருந்தால் இழுப்பறைகளையெல்லாம் ஒருமுறை காலி செய்து பாருங்கள்.

நாய்களைப் பொறுத்தவரை, அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் நாய்களுக்கு மெக்சிகோ 2019 டிசம்பர் முதல் உடல்நலச் சான்றிதழ் கேட்பதில்லை; செனாசிகா எனப்படும் வேளாண் நல அமைப்பின் அதிகாரி நாயைக் கண்ணால் பரிசோதிக்கலாம். ஆயினும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றை வைத்திருங்கள். திரும்பி அமெரிக்காவுக்குள் நுழையும் விதி இதைவிடக் கடுமையானது. அதை இறுதியில் சொல்கிறேன், ஆனால் அதற்கான ஆயத்தத்தை வீட்டிலேயே தொடங்க வேண்டும். நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், உடலில் மைக்ரோசிப் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த நாயைக் கூட்டிச் செல்லாதீர்கள்.

நண்பர்களோடு முன்பே பேசி முடிக்க வேண்டியவை

மூன்று வண்டி என்பது நல்ல எண்ணிக்கை. ஒன்று பழுதானால் ஒன்று உடன் நிற்கும், மற்றொன்று உதவி தேடிப் போகும். ஐந்துக்கு மேல் போனால் எரிபொருள் நிலையங்களிலும் இராணுவச் சோதனைச் சாவடிகளிலும் நேரம் வீணாகும், கரையில் பக்கத்துப் பக்கத்தில் இடமும் கிடைக்காது.

மெதுவான வண்டி முன்னால் செல்லட்டும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கையடக்க வானொலி இருந்தால், செல்பேசி வேலை செய்யாத இடங்களில் 'மாடு நிற்கிறது', 'லாரி வருகிறது' என்று பின்னால் வருவோருக்குச் சொல்ல முடியும். காற்று எழும்போது இடம் மாறுவதா இருப்பதா என்பதை யார் முடிவு செய்வது, ஜெனரேட்டரை எந்த நேரத்தில் ஓட்டுவது, பொதுச் செலவை எந்தப் பையிலிருந்து கொடுப்பது என்பவற்றை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டால் கரையில் மனத்தாங்கல் வராது. பணம் மெக்சிகோ பெசோவில், சிறு தாள்களாக இருக்கட்டும். கரைக் கட்டணமும் கரைக்கு வரும் வியாபாரிகளும் ரொக்கத்தையே எதிர்பார்க்கிறார்கள்.

நாய்களின் அறிமுகமும் இந்தப் பேச்சின் ஒரு பகுதியே. பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பு, யாருடைய வீடும் இல்லாத பொதுவான ஓர் இடத்தில், எல்லா நாய்களையும் ஒன்றாக நடக்க அழைத்துச் செல்லுங்கள்; ஒரு முறை போதாது. ஒரு நாய் மற்றொன்றைப் பொறுக்கவில்லை என்று தெரிந்தால், அந்த இரு குடும்பங்களும் ஒரே பயணத்தில் வராமலிருப்பதே நட்புக்கும் நாய்களுக்கும் நல்லது.

தண்ணீர், மின்சாரம், வண்டிக்குள் இருக்க வேண்டியவை

தண்ணீரைக் கணக்கிட்டே கொண்டு செல்ல வேண்டும். சிக்கனமாக இருந்தால் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்க, சமைக்க, கழுவ, துடைத்துக் குளிக்கப் பத்து லிட்டர் போதும். நாய்க்கு எடையில் கிலோ ஒன்றுக்கு ஐம்பது முதல் அறுபது மில்லிலிட்டர் என்பது பொதுக் கணக்கு. உப்பு நீரில் விளையாடி வெயிலில் ஓடும் நாய்க்கு அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். அதன்படி நான்கு பேருக்கும், இருபத்தைந்து கிலோ எடையுள்ள இரண்டு நாய்களுக்கும் ஐந்து நாளுக்கு 230 லிட்டர் வேண்டும். பல டிரெய்லர்களின் தொட்டி இதைவிடச் சிறியது. மெக்சிகோ ஊர்களில் 'பூரிஃபிகதோரா' என்ற பெயர்ப்பலகையுடன் உள்ள சுத்திகரிப்புக் கடைகளில் இருபது லிட்டர்க் குடங்களை மிகக் குறைந்த விலையில் நிரப்பித் தருவார்கள். அத்தகைய குடங்கள் நான்கைந்தைக் கையோடு வைத்திருப்பது தொட்டியைப் பெரிதாக்குவதைவிட எளிது. நாய்களுக்கும் இந்தத் தண்ணீரையே கொடுங்கள்.

மின்சாரத்துக்குக் கூரைமேல் சூரியத் தகடும் நல்ல மின்கலமும் போதும். இங்கே மேகமூட்டமான நாட்கள் அரிது. எரிவாயுவைப் புறப்படும் முன் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மணலுக்கென்று தனியாக ஒரு பெட்டி வேண்டும்: நீளக் கைப்பிடி மண்வெட்டி, சக்கரத்தடியில் வைக்கும் மீட்புப் பலகைகள், வலுவான இழுவைப் பட்டை, காற்றழுத்த அளவி, வண்டி மின்கலத்தில் இயங்கும் காற்றடிக்கும் கருவி. மூன்று வண்டிக்குச் சேர்த்து ஒரு பெட்டி போதும். உதிரிச் சக்கரம் மட்டும் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே இருக்க வேண்டும்.

சாலையில்

1973-இல் முழுமையடைந்த மெக்சிகோ நெடுஞ்சாலை 1, வடக்கே தீஹுவானாவிலிருந்து தெற்கே காபோ சான் லூகாஸ் வரை சுமார் 1,700 கிலோமீட்டர் செல்கிறது. பல பகுதிகளில் இது ஆளுக்கொரு தடம் மட்டுமே உள்ள குறுகிய சாலை, ஓரத்தில் ஒதுங்க இடமில்லை, எதிரே சரக்கு லாரி வரும்போது பக்கக் கண்ணாடிகள் ஒன்றையொன்று உரசும் அளவுக்கு நெருக்கம். இதை அச்சத்துக்காகச் சொல்லவில்லை; மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் போகாமல், வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுபவருக்கு இது மிக அழகான சாலை.

இரவில் ஓட்டக் கூடாது என்பதில் விதிவிலக்கே வேண்டாம். வேலி இல்லாத நிலத்தில் மேயும் மாடுகள், பகல் வெயிலில் சூடேறிய தார்ச்சாலையின் கதகதப்பைத் தேடி இருட்டியதும் வந்து நிற்கும். டிசம்பரில் எல்லைப் பக்கம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், ஒவ்வொரு நாளும் பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடத்தை அடையும்படி பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலையில் தெகாத்தே வழியாக எல்லையைக் கடப்பது பெரிய வண்டிகளுக்கு எளிது. தீஹுவானாவின் நெரிசல் இல்லை. அங்கிருந்து திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த குவாதலூப்பே பள்ளத்தாக்கின் வழியே என்செனாதாவை அடைந்து, கடலோரமாகச் சான் கின்தின் வரை சென்றால் சுமார் முந்நூறு கிலோமீட்டர். அங்கே கட்டண முகாமில் தங்குங்கள்.

இரண்டாம் நாள் நீளமானது, கெர்ரேரோ நேக்ரோ வரை நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எல் ரொசாரியோவில் எல்லா வண்டிகளும் எரிபொருளை விளிம்பு வரை நிரப்பியாக வேண்டும், ஏனென்றால் அதற்கப்பால் முந்நூறு கிலோமீட்டர் அளவுக்கு நம்பகமான நிலையம் இல்லை. நடுவில் கதாவின்யாவில் பீப்பாயிலிருந்து ஊற்றி விற்பவர்கள் இருப்பார்கள். விலை கூடுதல், ஆனால் தேவைப்பட்டவருக்கு அவர்கள் பெரிய உதவி. பாறைகளுக்கிடையே உயர்ந்து நிற்கும் கள்ளிகளைப் பார்க்க எல்லோருக்கும் இறங்கத் தோன்றும். இறங்குங்கள், நாய்களை மட்டும் வாரைப் பிடித்தபடியே நடத்துங்கள். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

கெர்ரேரோ நேக்ரோவுக்கு முன்னால், 28-ஆம் அகலக்கோட்டில், தீபகற்பத்தின் வட, தென் மாநிலங்களுக்கு இடையிலான எல்லை. வேளாண் சோதனையில் பழங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், சக்கரங்களில் மருந்து தெளித்துச் சிறு கட்டணம் வசூலிக்கலாம். குளிர்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பேரீச்சஞ் சோலை சூழ்ந்த சான் இக்னாசியோ, பிரெஞ்சுச் சுரங்க நிறுவனம் உருவாக்கிய சாந்தா ரொசாலியா ஆகியவற்றைக் கடந்து முலெஹே. சாந்தா ரொசாலியாவுக்கு முன் சாலை கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும். கீழ்க் கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். முலெஹேயில் தண்ணீர், காய்கறி, பணம் ஆகியவற்றை முடித்துக்கொண்டால், சாந்திஸ்பாக் இன்னும் இருபது கிலோமீட்டர்தான். வயதானவர்களோ சிறு குழந்தைகளோ இருந்தால் இதே தொலைவை நான்கு, ஐந்து நாட்களாகப் பிரிப்பது மிக நல்லது.

வழியில் இராணுவச் சோதனைச் சாவடிகள் பல வரும். இளம் வீரர்கள் எங்கிருந்து எங்கே என்று கேட்டு, சில சமயம் வண்டிக்குள் ஏறிப் பார்ப்பார்கள். கண்ணாடியை இறக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வணக்கம் சொல்லுங்கள். அவர்கள் உள்ளே வருமுன் நாயை வாரோடு வெளியே இறக்கிவிட்டு, உங்களில் ஒருவர் கூடவே உள்ளே செல்லுங்கள். வண்டி பழுதானால் 078 என்ற எண்ணில் 'ஆங்ஹெலெஸ் வேர்தெஸ்' எனப்படும் அரசின் சாலை உதவிக் குழுவையும், அவசரத்துக்கு 911-ஐயும் அழைக்கலாம். ஊர் நுழைவாயில்களில் உள்ள வேகத்தடைகள் உயரமானவை, பலவற்றுக்கு அறிவிப்புப் பலகை இருக்காது.

மணலில் நிறுத்துதல்

கரையை அடைந்ததும் எல்லோரும் சாலையோரத்து இறுகிய தரையில் நின்றுவிட்டு, இருவர் மட்டும் இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் புதைந்தால் அந்த மணல் கனமான வண்டியைத் தாங்காது. முன்பு நிறுத்தியவர்களின் சக்கரத் தடம் எங்கே ஆழமாகி எங்கே முடிகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பேருந்து அளவிலான மோட்டார்ஹோம்கள் இளகிய மணலுக்குள் போகவே கூடாது. நான்கு சக்கரமும் இயங்கும் சிறிய வண்டிகள் சக்கரக் காற்றை இருபது பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்துக்கொண்டு, நின்றுவிடாமல், திருகித் திரும்பாமல், சீராகப் போக வேண்டும். சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி நிரப்ப மறக்கக் கூடாது. சக்கரம் ஓரிடத்திலேயே சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள். தொடர்ந்து அழுத்தினால் அச்சு வரை புதையும். மண்வெட்டியும் பலகையும் கொண்டு கால்மணியில் முடியும் வேலை அரைநாளாகிவிடும்.

உலர்ந்த கடற்பாசியும் சிப்பிகளும் வரிசையாகக் கிடக்கும் கோடு, கடைசியாக வந்த பெரிய ஏற்றத்தின் எல்லை. அதற்கு மேலேதான் நிறுத்த வேண்டும். வடக்குக் காற்றுக்கு வண்டியின் குறுகிய பக்கத்தைக் காட்டி, வாசல் காற்றில்லாப் பக்கம் இருக்கும்படி திருப்புங்கள். நண்பர்களின் வண்டிகளை எல் எழுத்து வடிவில் நிறுத்தினால் நடுவே நாய்களுக்கும் சமையலுக்கும் காற்று மறைவான முற்றம் கிடைக்கும். வண்டியின் பக்கவாட்டுத் துணிக்கூரையை இரவில் சுருட்டிவிடுங்கள், காற்று இல்லாத இரவானாலும்.

நாய்களுக்கு இந்தக் கரையில் உள்ள ஆபத்துகள்

இந்தப் பகுதியைத்தான் நான் எல்லோரையும் இருமுறை படிக்கச் சொல்வேன். முதல் ஆபத்து, செத்து ஒதுங்கிய பேத்தை மீன். இங்கே 'போத்தேத்தே' என்பார்கள். மீனவர்கள் வலையில் சிக்கியதைக் கரையில் எறிந்துவிடுவதுண்டு, அலையும் கொண்டுவந்து போடும். அதன் உடலில் உள்ள டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. உலர்ந்து சுருங்கிய மீனிலும் நஞ்சு இருக்கும். வாயில் கவ்விய நாய் தள்ளாடும், வாந்தி எடுக்கும், பின்னர் தசைகள் செயலிழந்து மூச்சு நின்றுவிடும். எனவே தினமும் விடியற்காலையில், நாய்களை அவிழ்ப்பதற்கு முன், ஒருவர் கையுறையும் பையுமாக முகாமின் இரு பக்கமும் கரையோரம் நடந்து செத்த மீன்களைப் பொறுக்கிவிட வேண்டும். நண்பர்கள் முறை வைத்துச் செய்தால் யாருக்கும் சுமையில்லை. 'விடு' என்ற கட்டளைக்கு உடனே வாயைத் திறக்கும் பழக்கத்தை வீட்டிலேயே கற்றுக்கொடுங்கள். கண்டதையெல்லாம் விழுங்கும் நாய்க்கு, மூச்சு வாங்க இடமுள்ள கூடை வாய்ப்பூட்டைப் பழக்கிக் கொண்டுவாருங்கள். தின்றுவிட்டதாக ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்காகக் காத்திராமல் வண்டியை எடுங்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவர் எங்கே என்பதை முலெஹேயைக் கடக்கும்போதே விசாரித்துக் குறித்துவைத்திருக்க வேண்டும்.

அடுத்தது சோயா என்ற கள்ளி. அதன் கணுக்கள் இலேசாகத் தொட்டாலே கழன்று ஒட்டிக்கொள்ளும். நாய் அதை வாயால் பிடுங்கப் போனால் முட்கள் நாக்கிலும் உதட்டிலும் ஏறும். கையால் தொடாதீர்கள். அகலப் பல் சீப்பைக் கணுவுக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து வெளிப்பக்கமாக விசையோடு தட்டிவிட்டு, எஞ்சிய முட்களைக் குறடால் எடுங்கள். சீப்பும் குறடும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். கதாவின்யாவில் வாரைப் பிடித்தபடியே நடத்துங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஆழமற்ற மணலில் திருக்கை மீன்கள் புதைந்து கிடக்கும். மனிதர்கள் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடந்தால் அவை விலகிப் போய்விடும். முள் குத்திவிட்டால், பொறுக்கும் அளவுக்குச் சூடான நீரில் காலை ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருந்தால் மருத்துவரிடம் போங்கள். நாய்க்கும் இதே சிகிச்சைதான், ஆனால் அதன் தோலுக்கேற்ற சூடு உங்கள் முழங்கையால் பார்த்த சூடாக இருக்கட்டும்.

கடல்நீர் குடிப்பதை அலட்சியமாக எண்ணாதீர்கள். பந்தைக் கவ்வக் கவ்வ நாய் உப்பு நீரை விழுங்கிக்கொண்டே இருக்கும்; வயிற்றுப்போக்கில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும். கால் மணிக்கு ஒருமுறை விளையாட்டை நிறுத்தி நல்ல தண்ணீர் கொடுங்கள். மாலையில் உப்பைக் கழுவித் துடைத்தால் தோல் அரிப்பு வராது.

வட பாஹாவில், குறிப்பாக மெக்சிகாலிப் பக்கம், நாய் உண்ணிகள் வழியே மனிதருக்கு ரிக்கெட்ஸியாக் காய்ச்சல் பரவுகிறது. உயிரைப் பறிக்கக்கூடிய நோய் இது. எனவே புறப்படும் முன்பே உண்ணித் தடுப்பு மருந்து கொடுத்து, கொசு வழியே வரும் இதயப் புழுவுக்கும் மருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஊர்த் தெருக்களிலும் கரையிலும் உரிமையாளர் அற்ற நாய்கள் பல உண்டு, பெரும்பாலானவை சாதுவானவை; ஆனால் உங்கள் நாய்க்குப் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் முழுமையாகப் போட்டிருக்க வேண்டும். இரவில் கொயோட்டே நரிகள் முகாமைச் சுற்றி வரும் என்பதால், சிறிய நாய்கள் இருட்டியதும் வண்டிக்குள் இருக்கட்டும், உணவுக் கிண்ணங்களும் வெளியே கிடக்க வேண்டாம்.

பல நாய்கள் உள்ள முகாமில் உணவை அந்தந்த வண்டிக்குள் தனித்தனியே வைப்பது ஒன்றே சண்டையைத் தவிர்க்கும் வழி. கட்டிப்போடுவதற்கு நீளக் கம்பிக் கயிறும் மணலில் திருகும் முளையும் பயன்படும், ஆனால் ஒரே முளையில் இரண்டு நாய்களைக் கட்டாதீர்கள்.

கரையில் அன்றாடம்

மெக்சிகோவில் கடற்கரை பொதுச் சொத்து. ஏற்றக் கோட்டிலிருந்து இருபது மீட்டர் அகலமுள்ள நிலம் கூட்டரசுக்கு உரியது. அங்கே நாம் விருந்தாளிகள். குளித்த, பாத்திரம் கழுவிய நீரை மணலில் விடாமல் தொட்டியிலேயே பிடித்து வைத்து, கழிவறைத் தொட்டியோடு சேர்த்து முலெஹேயிலோ வழியிலோ உள்ள கட்டண முகாமில் இறக்குங்கள். நாய்க் கழிவைப் புதைப்பது போதாது, பையில் எடுத்துச் செல்ல வேண்டும். நெருப்புக்கு விறகு வாங்கி வாருங்கள். பாலைவனத்தில் காய்ந்து கிடக்கும் மரம் அங்கே வாழும் உயிர்களின் வீடு. ஆணி உள்ள பழைய பலகைகளை எரித்தால், ஆணிகள் மணலில் தங்கிச் சக்கரத்தையும் நாயின் பாதத்தையும் கிழிக்கும்.

காலையில் சிறு வண்டிகளில் வியாபாரிகள் வருவார்கள்: இறால், மட்டி, தமாலே என்ற சோளமாவுப் பண்டம், சில நாட்களில் காய்கறி. அவர்களிடம் வாங்குங்கள். மட்டியையும் நண்டையும் வெளிநாட்டவர் தாமே எடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. கரையிலிருந்து தூண்டில் போட உரிமம் தேவையில்லை, படகில் ஏறினால் ஒவ்வொருவருக்கும் தேவை. பசிபிக் பக்கத்துக் கரைகளுக்குப் போவோர், ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை கடலாமைகள் முட்டையிடும் பருவத்தில் நாய்களை வாரிலிருந்து அவிழ்க்கவே கூடாது.

திரும்பும்போது

2024 ஆகஸ்டு 1 முதல் அமெரிக்காவுக்குள் நுழையும் ஒவ்வொரு நாய்க்கும், அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் நாய் இறக்குமதிப் படிவத்தை இணையத்தில் நிரப்பி, அதன் ரசீதைக் காட்ட வேண்டும். கட்டணம் இல்லை. கரையில் இணையம் கிடைப்பது உறுதியில்லாததால், புறப்படும் முன்பே நிரப்பி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதனோடு, காயத்தில் முட்டையிட்டுத் தசையைத் தின்னும் ஸ்க்ரூவர்ம் என்ற ஈப்புழு 2024 நவம்பரில் மெக்சிகோவின் தென்மாநிலமான சியாபாஸில் மீண்டும் கண்டறியப்பட்டதிலிருந்து, மெக்சிகோவிலிருந்து வரும் விலங்குகள் தொடர்பான விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அமெரிக்க வேளாண் துறையின் விலங்கு நல ஆய்வுப் பிரிவு தன் இணையதளத்தில் வெளியிடும் நடப்பு விதியைப் பயணத்துக்கு முந்தைய வாரமும் பாருங்கள், வடக்கே திரும்பத் தொடங்கும் நாளிலும் பாருங்கள். கால்நடை மருத்துவரின் சான்று கேட்கப்பட்டால் லா பாஸ், என்செனாதா போன்ற பெரிய ஊர்களில் பெறுவதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கரையில் இருக்கும் நாட்களில் நாயின் காதுகளையும் பாத இடுக்குகளையும் தினமும் பார்த்து, சிறு கீறலையும் கழுவி மூடிவைப்பது இதற்காகவும் தேவை.

எல்லைக்கு முந்தைய இரவை என்செனாதாவிலோ குவாதலூப்பே பள்ளத்தாக்கிலோ கழித்து, குளிர்பெட்டியில் எஞ்சிய பழம், பச்சை இறைச்சி, முட்டை ஆகியவற்றைச் சமைத்து முடித்துவிடுங்கள். அமெரிக்கச் சுங்கத்தில் அவை பிரச்சினையாகும். மறுநாள் வார நாளாகவும் காலை நேரமாகவும் இருந்தால் தெகாத்தேயின் வரிசை குறைவாக இருக்கும். எப்படியும் காத்திருக்க நேரிடும், அங்கே நிழல் இல்லை. நாய்களை வரிசைக்குள் நுழையும் முன்பே நடத்திச் சென்று வெளிக்கிருத்தி, தண்ணீர்க் கிண்ணத்தை இருக்கைக்கு அடியிலேயே வைத்து, கடவுச்சீட்டுகளையும் நாய்களின் ரசீதுகளையும் ஓட்டுநரின் கைக்கெட்டும் ஒரே உறையில் போட்டுவையுங்கள். மூன்று வண்டிகளும் வெவ்வேறு தடங்களில் பிரிந்துவிடும் என்பதால், எல்லைக்கு அப்பால் எந்த இடத்தில் கூடுவது என்பதை வரிசையில் நுழைவதற்கு முன்பே சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.